ரஃப் நோட்டு

உங்களிடம் ஒரு கேள்வி. எதற்கும் ஆகாத ஒரு காரியத்தை முழு மனதோடு கடைசியாக எப்போது செய்தீர்கள்?

டி.வி. பார்த்ததைச் சொல்லாதீர்கள். அது நீங்கள் செய்தது அல்ல, உங்களுக்குச் செய்யப்பட்டது. வாக்கிங் போனதையும் சொல்லாதீர்கள். அது சர்க்கரைக்காக. கோயிலைச் சுற்றியதும் கணக்கில் வராது. அங்கேயும் ஒரு மனு கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் கேட்பது வேறு. சம்பளம், மார்க், புண்ணியம், ஆரோக்கியம், பாராட்டு... இந்த ஐந்தில் ஒன்றுகூட வராது என்று தெரிந்தே ஒரு பத்து நிமிஷம் எதையாவது செய்தீர்களா?

யோசிக்க நேரம் பிடிக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்தது.

பள்ளிக்கூடத்தில் நம் எல்லோரிடமும் ஒரு ரஃப் நோட்டு இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? போன வருஷ நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களை எல்லாம் சேர்த்து, அப்பாக்கள் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்த நோட்டு. அட்டை கிடையாது. லேபிள் கிடையாது. ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அடுத்த பக்கம் கட்டம் போட்டிருக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்பது, வாத்தியாரின் மூக்கை வரைவது, பேனா எழுதுகிறதா என்று கிறுக்குவது, பக்கத்து பெஞ்சுக்காரனோடு பூஜ்ஜியம் - பெருக்கல் ஆடுவது எல்லாம் அதில்தான்.

ஃபேர் நோட்டு அப்படியல்ல. பழுப்பு அட்டை போட்டது. மார்ஜினுக்கு ஸ்கேல் வைத்த கோடு. அடித்தல் திருத்தல் இருந்தால் ஒரு மார்க் போச்சு.

பிறகு நாம் வளர்ந்தோம். ரஃப் நோட்டு எங்கேயோ பழைய பேப்பர்காரரின் தராசில் போய்விட்டது. ஃபேர் நோட்டு மட்டும் கூடவே வந்தது. இன்றைக்கு நாம் பேசுவது, உடுத்துவது, பிள்ளைக்குப் பிறந்த நாள் கொண்டாடுவது எல்லாமே ஃபேர் நோட்டில்தான். ஏதோ ஒரு சிவப்பு மை நம் தலைக்கு மேலே காத்திருப்பது போலவே இருக்கிறது.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில். சிரிக்காதீர்கள். வயசு ஐம்பத்தைந்து ஆனபிறகு எனக்குப் படம் வரைய வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தவுடன் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியான வாட்டர் கலர் தாளை வாங்கி வந்தேன். ஒரு தாள் விலைக்கு இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம். அந்தக் கட்டு இரண்டு வருஷம் பிரிக்கப்படாமல் பீரோ மேலேயே இருந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாளில் எதையாவது கிறுக்கிக் கெடுத்துவிட்டால்? தாளின் விலை ஏற ஏறக் கை நடுக்கமும் ஏறும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசு. நான் பத்திரமாகக் கொண்டுபோன உசத்தித் தாளை ஓரமாக வைத்தாள். கையில் ஒரு கட்டு பழைய நியூஸ் பேப்பர் கொடுத்தாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற இரண்டு அங்குல பிரஷ் ஒன்று. மூன்றே மூன்று கலர். எதிரே, குக்கரில் விசில் எண்ண மறக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அப்படி ஒரு டைமர்.

"ஒரு படத்துக்கு நாலு நிமிஷம். பத்துப் படம். வீடு, மரம், மலை, சூரியன்னு எதுவும் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா அது மேலயே பெயின்ட் அடிச்சுடுங்க."

"அப்ப என்னம்மா வரையறது?"

"அதை யோசிக்க நேரம் இருக்கக் கூடாதுன்னுதான் நாலு நிமிஷம்."

முதல் படத்தில் என்னை அறியாமல் மூலையில் ஒரு சூரியன் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து என் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும் சூரியன் அது. அதன்மேல் பெயின்ட் அடித்தேன். இரண்டாவது, மூன்றாவது படங்களில் பயம் தெரிந்தது. பெரிய தாளில் நடுவில் மட்டும் சின்னதாக ஏதோ இருந்தது. நாலாவதில் பயம் போய் சாமர்த்தியம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே பிரஷ்ஷை வீசினேன். ஆறாவதில் அலுப்பு. ஏழாவதில் கை வலி. எட்டாவதில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. டைமர் அடித்தபோது நான் திடுக்கிட்டேன், அவ்வளவுதான். நீலத்துக்கும் காவிக்கும் இடையே நியூஸ் பேப்பரின் எழுத்துகள் லேசாகத் தெரிய, ஏதோ ஒன்று இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

பத்து முடிந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "இப்ப எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடலாம்."

ஒன்பதைக் கிழித்தேன். "ஏம்மா, எட்டாவதை மட்டும் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் சார் முதல்ல கிழிக்கணும். அதை வச்சுக்கிட்டா, அடுத்த வாரம் வரையற பத்தும் அது மாதிரியே வரணும்னு பார்ப்பீங்க."

கிழித்தேன். பொய் சொல்லக் கூடாது, மனசு கொஞ்சம் வலித்தது. நாற்பது நிமிஷத்துக்கு முன்னால் உலகத்தில் இல்லாத ஒரு பொருள். அதன்மேல் அதற்குள் எனக்குப் பட்டா வந்துவிட்டது!

'அப்ஸ்ட்ராக்ட்' ஓவியம் என்றாலே நம் வீடுகளில் ஒரு ஜோக் தயாராக இருக்கும். "இதை எங்க வீட்டு வாண்டு இன்னும் நல்லா வரையுமே!" வாஸ்தவம்தான். வாண்டு வரையும். கேள்வி அதுவல்ல. உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி.

பெரிய ஓவியர்கள் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், ரொம்ப சீரியஸாக. அலெக்ஸாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1785-ல் ஒரு புத்தகமே எழுதினார். சாரம் இதுதான்: இயற்கைக் காட்சி வரைய யோசனை வரவில்லையா? தாளில் மையை வேகமாக, கறை கறையாகப் போடு. அப்புறம் அந்தக் கறைகளுக்குள் மலையும் மரமும் தெரிகிறதா பார். அந்தக் காலத்தில் அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு.

காண்டின்ஸ்கி சட்டம் படித்த ரஷ்யர். கல்லூரிப் பேராசிரியர் வேலை தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டு, முப்பது வயதில், 1896-ல், படம் கற்றுக்கொள்ள ம்யூனிக் நகரத்துக்குப் போனார். 1913 நவம்பரில் அவர் வரைந்த 'காம்போசிஷன் 7' மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். இன்று மாஸ்கோவின் ட்ரெட்யாகோவ் காலரியில் இருக்கிறது. அவ்வளவு பெரிய படத்தை அவர் முடித்தது ஏறக்குறைய நாலே நாளில். கூட இருந்த ஓவியர் காப்ரியேல் ம்யூன்டர் அது வளர்ந்த விதத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். நாலு நாளில் ஒரு மகா ஓவியமா என்று வாயைப் பிளப்பதற்கு முன்னால் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன் அவர் போட்டுப் பார்த்த சின்னச் சின்னப் படங்கள் முப்பதுக்கும் மேல். காண்டின்ஸ்கியிடமும் ஒரு ரஃப் நோட்டு இருந்திருக்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் தாகூர். கவிதை எழுதும்போது அடித்தல் திருத்தல் செய்வார் இல்லையா, அந்த அடித்தல்களை அப்படியே விட மனசு வராமல் ஒன்றோடு ஒன்று கோடு போட்டு இணைப்பார். இணைத்தது ஒரு பறவை மாதிரி ஆகும், இல்லை பேர் தெரியாத ஒரு மிருகம் மாதிரி ஆகும். 1924-ல் அர்ஜென்டினாவில் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தபோது, அவருக்கு இடம் கொடுத்து உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தக் கிறுக்கல்களைப் பார்த்து அசந்துபோனார். 1930-ல் பாரிஸில் தாகூர் படங்களின் முதல் கண்காட்சி நடக்க உதவியதும் அவர்தான். தாகூருக்கு அப்போது வயது ஏறக்குறைய 69. முறையாக ஓவியம் படிக்காத அந்த மனிதர் 1941-ல் இறப்பதற்குள் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலான படங்களுக்குப் பெயரே வைக்கவில்லை. நமக்கு ஒரு மார்க் குறையக் காரணமான அந்த அடித்தல் திருத்தல் அவருக்கு வாசலாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் நானே ஒரு தப்பு செய்துகொண்டிருக்கிறேன்.

விளையாடினால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் உடனே காண்டின்ஸ்கியைக் காட்டுகிறேன், தாகூரைக் காட்டுகிறேன். 'பாருங்கள், கிறுக்கினால் மேதை ஆகலாம்' என்கிறேன். அப்படியானால் அந்தக் கிறுக்கலும் ஒரு முதலீடுதானே? பலனுக்காக விளையாடினால் அது விளையாட்டா? பலனே வராது என்றால் அதைச் செய்வது நியாயமா?

இந்த முடிச்சை ரொம்ப நாள் அவிழ்க்கப் பார்த்தேன். கடைசியில் தூக்கம்தான் உதவியது. தூக்கம் உடம்புக்கு நல்லது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், 'நாளைக்கு முக்கியமான வேலை இருக்கு, இப்ப தூங்கியே ஆகணும்' என்று படுத்துப் பாருங்கள். வராது. தூக்கத்துக்குப் பலன் உண்டு. ஆனால் பலனை நினைத்துக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது. செருப்பை வாசலில் விடுவது போல, பலனை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது செருப்பு இருக்கலாம். இல்லாமலும் போகலாம்!

பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்யச் சொல்லி நமக்குக் காலம் காலமாகச் சொல்லிவிட்டார்கள். சம்பள உயர்வு கேட்கிறவனிடம்கூட அதைத்தான் சொல்கிறோம். பலனை எதிர்பார்க்காமல் சந்தோஷமாக இரு என்று மட்டும் ஏனோ யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

'எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் நாடு என்ன ஆகும்?' என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ஏறிய பஸ்ஸின் டிரைவர், 'இன்னிக்குக் கொஞ்சம் விளையாட்டா ஓட்டிப் பார்க்கலாமே' என்று நினைத்தால் நான் இறங்கிவிடுவேன். எனக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் தப்புப் பண்ணப் பயப்பட வேண்டும், நன்றாகவே பயப்பட வேண்டும். அடுத்தவர் உயிர், அடுத்தவர் பணம், அடுத்தவர் மனசு இவையெல்லாம் ஃபேர் நோட்டுதான். அதில் கிறுக்க நமக்கு உரிமை இல்லை. நான் சொல்வது, அந்த டிரைவருக்கும் டாக்டருக்கும் வீட்டில் ஒரு ரஃப் நோட்டு இருக்கட்டும் என்பதுதான். இரண்டு நோட்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இரண்டு வகை. சிலர் ஃபேர் நோட்டில் கிறுக்குவார்கள். இவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து. சிலர் ரஃப் நோட்டையும் ஃபேராகவே எழுதுவார்கள். இவர்களால் இவர்களுக்கே ஆபத்து.

இன்றைய கதை இன்னும் மோசம். நாலு நிமிஷத்தில் ஒன்றைக் கிறுக்கினாலும் கை உடனே செல்போனைத் தேடுகிறது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அந்த நொடியே அது ஃபேர் நோட்டு ஆகிவிட்டது. சிவப்பு மை வந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு. காகிதத்தை வீணாக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது வேறு யாருமல்ல, என் அப்பா. அதாவது, என் மனசுக்குள் இருக்கும் அப்பா. வகுப்பில் அந்தத் தாள்களைக் கிழித்தபோது அவர் குரல்தான் கேட்டது.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. மேலே போக வேண்டிய ஃபேர் காப்பி எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். "காகிதம் சரஸ்வதிடா" என்பார். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் எழுதிய தாளை எறிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. வந்த கவரைப் பிரித்து, உட்புறத்தில் பால் கணக்கு எழுதுவார். அந்தப் பால் கணக்குகூட மார்ஜினோடு இருக்கும்.

எழுபது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு மெதுவாகத் திரும்பியது. கை திரும்பவில்லை.

பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? கையெழுத்துப் போட முடியாததால் கைநாட்டு வைக்க வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்த மனிதர். அன்றைக்கு அவர் கட்டைவிரலை வேறொருவர் பிடித்தார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு அந்த மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இடது கையால் எழுதிப் பழகச் சொல்லி பிசியோதெரபி தம்பி எவ்வளவோ கெஞ்சினார். ஒரே ஒரு நாள் தன் பெயரை எழுதிப் பார்த்தார் அப்பா. பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டார். என் வாழ்நாளில் அவர் ஒரு தாளைக் கசக்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இதுக்குப் பேர் கையெழுத்தா?" என்றார். அதன்பிறகு பேனாவைத் தொடவில்லை.

என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. ஒருநாள் தன் க்ரேயான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ எழுத வேணாம் தாத்தா. சும்மா கலர் அடி."

தாள்? அதற்கும் அப்பாவே வழி கண்டுபிடித்தார். தினசரி காலண்டரில் காலையில் கிழிக்கிற தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெள்ளை. ஒரு நாளைக்கு ஒரு தாள். ஒரு பைசா செலவில்லை. சரஸ்வதிக்கும் கோபம் வராது.

பால் க்ளே என்ற ஸ்விஸ் - ஜெர்மன் ஓவியரைப் பற்றிப் பின்னால் படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. 1935-ல் அவரைத் தோல் இறுகிப்போகும் ஒரு கடுமையான நோய் தாக்கியது. 1936-ல் அவரால் வரைய முடிந்தது சுமார் 25 படங்கள்தான். பிறகு கோடுகளைத் தடிமனாக்கி, வடிவங்களை எளிமையாக்கி, மறுபடி ஆரம்பித்தார். 1939-ல் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகள்! மறு வருஷம் இறந்துபோனார். தான் வரைந்த ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுக் கைப்பட ஒரு பதிவேடும் வைத்திருந்தார். குமாஸ்தாவாக இருந்திருந்தால் என் அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கும்.

என் அப்பாவை நான் க்ளேயோடு ஒப்பிடவில்லை. அப்பாவின் தாள்களை எந்த காலரியிலும் மாட்ட முடியாது. அப்பா பதினான்கு மாதம்தான் அதைச் செய்தார். அப்புறம் அவர் இல்லை. மஞ்சள் பையில் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு மட்டும் பரணுக்குப் போனது. பதினெட்டு வருஷம் நான் அதைத் தொடவில்லை.

அந்த ஓவிய வகுப்பு முடிந்த அன்று மாலை ஏணி போட்டு அதை இறக்கினேன். நானூற்றுச் சொச்சம் தாள்கள், தேதி வாரியாக. முதல் ஒரு மாதத் தாள்களில் நேர் நேராகக் கோடுகள். கணக்குப் பதிவேட்டில் பத்தி பிரிக்கிற மாதிரி! அங்கேயும் மார்ஜின். அப்புறம் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கின்றன. மார்ஜின் காணாமல் போகிறது. ஓர் அமாவாசைத் தாளின் பின்பக்கம் முழுக்க மஞ்சள், விளிம்பு வரை. க்ரேயானை அழுத்திய அழுத்தத்தில் முன்பக்கத்து ராகு காலம் மேடு தட்டியிருந்தது. ஏதாவது ஒரு தாளில் ஒரு வார்த்தை, ஒரு சேதி இருக்குமா என்று விடிய விடியத் தேடினேன். இல்லை. வெறும் கலர்தான்.

அவர் சந்தோஷமாக இருந்தாரா? எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மறுநாள் தாளை முதல் நாளே கிழிக்கக் கூடாது. சின்ன வயசில் நான் கிழித்து அடி வாங்கியிருக்கிறேன். "நாளைக்கான நாள் வரட்டும்டா" என்பார் அப்பா. அவரேதான் கடைசி மாதங்களில் ஒருநாள் சாயங்காலம், இடது கையில் பச்சை க்ரேயானை வைத்துக்கொண்டு குழறலாகக் கேட்டார்:

"நாளைத் தாளை இப்பவே கிழிச்சுக்கட்டுமா?"

ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஏதோ எரிச்சல். "என்னப்பா அவசரம்? நாளைக்குக் கிழிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் க்ரேயானை டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.

ஒரு தாள். அதைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம்.

இதற்கு மேல் தத்துவம் பேச எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். இன்று காலை கிழித்த காலண்டர் தாளை எங்கே போட்டீர்கள்? பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.